இருநூற்றுப் பன்னிரண்டு கண்கள்

கோப்பின்படி
ஒரே மாதத்தில் இருநூற்றுப் பன்னிரண்டு கண்களுக்குப்
புரை நீங்கியிருக்கிறது,
மாங்குளம் சந்திக்குப் பின்னால்
இரண்டு அறையும் ஒரு ஜெனரேட்டரும் உள்ள
தனியார் வைத்திய நிலையத்தில்.
கண்ணுக்கு முப்பத்தெட்டாயிரம்.
காசு கொழும்பிலிருந்து கட்டியாயிற்று.

அந்தக் கண்களை எண்ணுவது என் வேலை.

வில்லை வைத்த கண்ணில் டோர்ச் அடித்தால்
பூனைக்குப் போல உள்ளே ஒரு மினுக்கம் வரும்.
வவுனியா ஆஸ்பத்திரித் தாதி ஒருத்தி
தேநீர் ஆறுவதற்குள் சொல்லித்தந்தாள்.
ஜீப் பழுது. கடன் மோட்டார் சைக்கிள்.
பத்து நாளாக வன்னியின் கண்களுக்குள்
டோர்ச் அடித்துக்கொண்டு திரிகிறேன்.
ஒன்றும் மினுங்கவில்லை.

ஒட்டுசுட்டான் விசுவலிங்கத்தாருக்கு
மூன்று கண்ணில் சத்திரசிகிச்சை.
"தான்தோன்றீசுவரர் இருக்கிற ஊர் தம்பி,
ஒண்டு கூட இருந்தா என்ன?"
சிரித்துக்கொண்டே ஒப்பம் வைத்தார்.
முத்தையன்கட்டில் வெங்காயம் பிடுங்கியவர்கள்
வரம்பில் வரிசையாகக் குந்தி
மண் கையால் இமை விரித்துக் காட்டினார்கள்.
அதில் ஒருத்தி,
"எனக்கு உண்மையாவே மங்கல்தான்.
இப்ப பதிஞ்சா செய்வியளோ?"
படிவத்தில் அதற்குக் கூடு இல்லை.

நூற்று நாற்பத்தேழாவது கண்:
கதிரித்தம்பி யோகநாயகம். இடது.
வயது ஐம்பத்தாறு.
புதுக்குடியிருப்பு, கைவேலி.

தும்புத் தூள் ஒட்டிய கையோடு
மனைவி தவமலர் வெளியே வந்தாள்.
"ஆள் எங்கே?" என்றேன்.
எல்லா வீட்டிலும் கேட்கிற கேள்விதான்.
கேட்ட பிறகுதான் கண்டேன்,
சுவரில் மாலை போடாத படம்.

"வட்டுவாகலிலை கண்டதுதான் கடைசி."

கடதாசியை வாங்கி
விரல் வைத்து வாசித்தாள்.
விரல் திகதியில் நின்றது.
"போன மாசி பதினாலோ?"
"ஓம்."
"ஐம்பத்தாறு எண்டு கிடக்கு."
"ஓம்."
"சரியான வயசு."

கச்சேரியிலும் ஆணைக்குழுவிலும்
அவர் நாற்பத்தொன்றிலேயே நிற்கிறார்.
இந்த நாட்டில் அந்த மனுசனுக்கு
வருசா வருசம் வயது ஏற்றியது
ஒரு கள்ளச் சிட்டை.

விளங்கப்படுத்தினேன்.
லிகிதர் நிரோஜன் ஒத்துக்கொண்டதை,
பழைய நிவாரண இடாப்பில் பெயர் பொறுக்கியதை,
கணினி தன்பாட்டில் வயதைக் கூட்டும் என்பதை.
கேட்டுக்கொண்டிருந்தாள்,
பதினைந்து வருசமாக
உத்தியோகத்தர்களைக் கேட்டுப் பழகிய மாதிரி.

"கையெழுத்து ஆற்றை?"
"அதுவும் அவன் போட்டதுதான்."
"இவரும் 'யோ'வை இப்பிடித்தான் சுழிக்கிறவர்."

வாக்குமூலம் எழுதினேன்:
மேற்படி சிகிச்சை என் கணவருக்குச் செய்யப்படவில்லை.
பேனையை நீட்டினேன்.
வாங்கவில்லை.

"செய்யேல்லை எண்டு எனக்கெப்பிடித் தெரியும் ஐயா?
நான் பக்கத்திலை இருந்தனானே?"

இருபது வருச உத்தியோகத்தில்
கேட்டதையும் கண்டதையும் காணாததையும்
எத்தனையோ பேர் எனக்குச் சத்தியம் செய்து தந்திருக்கிறார்கள்.
தெரியாததைத் தெரியாதென்றவள்
இவள் ஒருத்திதான்.
நூற்று நாற்பத்தேழின் மேல் கோடு போட்டேன்.
வழக்கு இனி இருநூற்றுப் பதினொரு கண்ணுக்கு.

"இதிலை ஒரு கொப்பி தருவியளோ?"
"சான்றுப் பொருள். தர ஏலாது."
"மரணச் சான்றிதழ் தாறம் எண்டு
மூண்டு தரம் வந்து நிண்டவை.
இப்பிடி ஒண்டு ஒருத்தரும் கொண்டரேல்லை."

படலை மட்டும் வந்தாள்.
நான் ஹெல்மெட் கொழுவும்போது
குரலைத் தாழ்த்தி,
"சொட்டு மருந்து குடுத்து விட்டவையோ?
அவர் சரியான மறதிக்காரன்."

பரந்தன் ரோட்டுக்கு ஏறுமுன்
சந்தியில் ஒரு போட்டோப்பிரதிக் கடை.
வெயிலில் எஞ்சினை நிறுத்தாமல்
கொஞ்ச நேரம் நின்றேன்.
பிறகு நிறுத்தினேன்.

கடதாசியைக் கண்ணாடியில் கவிழ்த்து மூடிவிட்டுப்
பெடியன் கேட்டான்:
"எத்தினை, ஐயா?"