ஏழரை மில்லிமீட்டர்

முதலில் தரை.
பல் அச்சுக்கான பிளாஸ்டரைக் குழைத்து
ஷூ பெட்டி மூடியில் ஊற்றினேன்.
இறுகுமுன் நகத்தால் கீறினேன்.
விரிசல் எந்தப் பக்கம் ஓடும் என்பது எனக்கு மனப்பாடம்.
செக்காலை ரோட்டில் பீர் பாய் ஷெட்டில்
என் ஸ்கூட்டி பிரிந்து கிடந்த நாட்களில்
ஸ்டூலில் உட்கார்ந்து
அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அளவு இருபத்து நாலில் ஒன்று.
பகலில் காரைக்குடி வாய்களுக்குப் பல் கட்டுகிறேன்.
இரவில் அதே மேசை, அதே மெழுகுக் கத்தி.
மரப்பு மருந்துக் குப்பிகளின் ரப்பர் மூடி டயரானது.
ஆயில் கறைக்கு டிகாஷன்,
மேலே ஒரு சொட்டு கறுப்பு நகப்பூச்சு.
ஆம்னி வேன் பல்செட் அக்ரிலிக்கில்.
வெளியே சாம்பல் பெயிண்ட்,
கதவைத் திறந்தால் ஈறு நிறம்.

தூசிதான் படியவில்லை.
மாத்தூர் ரோட்டுச் செம்மண்ணை
டீ வடிகட்டியில் சலித்து, வேட்டித் துணியில் சலித்துத் தூவினால்
ஒவ்வொரு துகளும் ஜல்லியாய்க் கிடந்தது.
எதையும் சிறிதாக்கலாம்.
மண் ஒத்துக்கொள்ளாது.
கடைசியில் கல்யாணத்துக்கு வாங்கிய ரூஜ் டப்பா
ஒருவழியாய் உதவியது.

சுவரில் ஸ்பேனர் பலகை.
ஒவ்வொன்றின் பின்னாலும்
மஞ்சள் பெயிண்டில் அதனதன் உருவம்.
பையன்கள் இடம் மாற்றாமலிருக்க பாய் வரைந்தது.
பல்லுக்குப் போடும் கம்பியைத் தட்டி, அராவி
எட்டிலிருந்து இருபத்திரண்டு வரை செய்தேன்.
அசல் ஒன்றாவது கையில் இல்லாமல்
அந்தத் தாடை வளைவு வரவில்லை.
போன ஆவணியில் ஒரு சனிக்கிழமை
பதினாலு பதினஞ்சைக் கைப்பையில் போட்டுக்கொண்டேன்.
திங்கட்கிழமை கொடுத்துவிடலாம்.

பதினெட்டு சென்டிமீட்டர்.
இருபத்து நாலால் வகுத்தால்
ஏழரை மில்லிமீட்டர்.
ஏழரை!
அப்போதே உறைத்திருக்க வேண்டும்.

முடிந்ததும் பாயை வீட்டுக்கு அழைத்தேன்.
நெற்றியில் என் பூதக்கண்ணாடியை மாட்டிக்கொண்டு
மூச்சு படாமல் குனிந்தார்.
"ஜாக்கை இன்னும் உள்ள தள்ளணும் பல்லக்கா.
இப்படி வச்சா வண்டி ஆள் மேல இறங்கிரும்."
"ஆளே இல்லையே பாய்."
"அதான் தப்பிச்சீங்க."

பிறகு பலகைக்கு வந்தார்.
ரொம்ப நேரம் பேசவில்லை.
"இந்தப் பதினாலு பதினஞ்சு இங்க இருக்கக்கூடாது.
தொலைஞ்சு வருசமாகப் போகுது.
காளிராசுதான் எடுத்து வித்துட்டான்னு அனுப்பிட்டேன்.
ஆத்தா மேல சத்தியம் பண்ணான், பாவி.
இப்ப தேவகோட்டைல பஞ்சர் ஒட்டுறான்."

சாமணத்தால் அதைக் கழற்றினேன்.
மஞ்சள் உருவம் மட்டும் நின்றது.
"இப்பத்தான் நம்ம ஷெட்டு" என்றார்,
டீயை ஆற்றிக் குடித்துவிட்டுப் போனார்.
கழற்றியது என் உள்ளங்கையில் ஒட்டியிருந்தது,
ஒரு சோற்றுப் பருக்கை நீளம்.

அசல் இழுப்பறையில்தான்,
மெழுகுக் கட்டிகளுக்கு அடியில்.
திங்கட்கிழமை கொடுக்கவில்லை.
அடுத்த திங்கட்கிழமை ஏன் இத்தனை நாள் என்று கேட்பார்.
அப்புறம் கேட்பதற்கும் யாரும் இல்லாமல் போயிற்று.
காளிராசுவை எனக்குத் தெரியும்.
என் வண்டிக்குக் காற்று அடித்துவிட்டு
காசு வேண்டாம் என்பான்.

மறுநாள் லேபுக்குப் போகவில்லை.
ஷெட்டில் ஒரு பொலிரோவுக்கு அடியிலிருந்து
இரண்டு கால்கள் நீட்டிக்கொண்டிருந்தன,
குதிகால் வெடிப்புகளோடு, முழு அளவில்.
"பாய்."
"யாரு, பல்லக்காவா? ஜாக்கைத் தள்ளி வச்சீங்களா?
அந்த ஸ்க்ரூ ஸ்பேனர எடுத்துக் குடுங்க.
பதினாலு நட்டு, ரிங்கு போகாத சந்து,
இதுவும் வழுக்கத்தான் செய்யும்."

வண்டிக்கடியிலிருந்து கை வெளியே வந்தது.
பையைத் திறந்தேன்.
கையில் வைத்தேன்.
விரல்கள் மூடின.
கட்டைவிரல் மட்டும் நகர்ந்து
அதன் கழுத்திலிருந்த எண்ணைத் தடவியது,
ஒரு தடவை, மறுபடி ஒரு தடவை.

உள்ளே சத்தம் நின்றது.