வளைகாப்புக்குப் போன ஐவர்

சீட்டு பதினாலு மாதம் என்னிடம் இருந்தது,
ஐஸ்பெட்டிக் கதவில், காந்தப் பூவின் கீழ்,
தண்ணீர் பில்லுக்குப் பின்னால்.
முதல் தேதிக்கு, உதிரிப் பழம் பொறுக்க ஆளில்லை என்றார் மண்டோர்.
இரண்டாவதுக்கு மகனின் பரீட்சை.
மூன்றாம் தேதிக்கு ஒரு காரணமும் இல்லை.
பஸ் ஸ்டாண்டுவரை போய்
ஒரு பாக்கெட் தே ஓ குடித்துவிட்டுத் திரும்பினேன்.

பீடோர் கிளினிக்கில் என்ன செய்யுது அக்கா என்று
தமிழில் யாராவது கேட்டிருந்தால்
நெஞ்சுவலி என்றுதான் சொல்லியிருப்பேன்.
கேட்டது மலாய்க்கார மிஸ்ஸி.
பாயுடாரா என்றேன், சத்தமாக,
மீன் விலை கேட்பதுபோல.
நம் மொழியில் அதற்கு எத்தனை பேர்!
ஒன்று சாமி பாட்டில் இருக்கிறது,
ஒன்று சம்சு குடித்தவன் வாயில்.
எனக்கென்று ஒன்றும் இல்லை.
குளிக்கும்போதும் மனசுக்குள் ‘மேலே’ என்றுதான்.

மழைக்கு உரக்கொட்டகையில் ஒதுங்கிய அன்று
ரூபாவதியின் கைப்பேசி உறையிலிருந்து விழுந்தது
அதே மஞ்சள் சீட்டு.
கொஞ்ச நேரம் மழைதான் பேசியது.
பிறகு தவமணி: என்னுது அரிசி டின்னுக்கு அடியில.
குணவதியுடையது சாமிப் படத்துக்குப் பின்னால்.
அஞ்சலை கிழித்துப் போட்டிருந்தாள், தேதி மட்டும் மனப்பாடம்.
“அதுக்குப் போறேன்னாலே வந்துட்ட மாதிரி பேசுவாங்க.
மகளுக்குச் சம்பந்தம் வந்திருக்கு.”

ஈப்போவில் வளைகாப்பு என்று ஐந்து வீட்டிலும் சொன்னோம்.
யாருக்கு என்று ஒரு ஆம்பிளையும் கேட்கவில்லை.
சியோங்கின் டுரியான் வேன், ஆளுக்குப் பதினைந்து வெள்ளி,
போன கூலி தனி.
பட்டுச்சேலை, மல்லிகை, கழுத்துவரை பவுடர்,
எல்லாவற்றிலும் டுரியான் வாசம்.

பவுடர் கூடாதாம்.
ஈரத்தாளை மிஸ்ஸி பெட்டியோடு நீட்டினாள்.
அக்குள்வரை பொய்யைத் துடைத்தோம்.

நகையும் கூடாதாம்.
குணவதி கழுத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள்.
இருபத்தாறு வருஷம். பிரசவத்துக்கும் கழற்றாத தாலி.
கட்டியவன் பினாங்கில் வேறொருத்தியோடு; அது வேறு கணக்கு.
“முதுகுப் பக்கம் தூக்கிப் போடுடி” என்றாள் தவமணி,
“அவன் பார்க்காம இருக்கட்டும்.”
நாங்கள் சிரித்த சிரிப்பில்
பக்கத்து அறைக் கதவு திறந்து மூடியது.

கீழ்த்தட்டு குளிர்ந்தது. மேல்தட்டு இறங்கியது.
வடை தட்டுகிற மாதிரி என்று வேனில் பேசிக்கொண்டோம்,
உள்ளே அப்படித் தோன்றவில்லை.
பசித்தவர்களைத் தவிர
இதை யாரும் இத்தனை வருஷத்தில் உற்றுப் பார்த்ததில்லை.
நான்கூட.

திரும்பும் வழியில் மறக்காமல்
ஆளுக்கொரு டஜன் கண்ணாடி வளையல்.
என்ன சாப்பாடு என்று வீட்டில் கேட்டதற்கு
நான் புளிசாதம் என்றேன், ரூபாவதி பிரியாணி என்றாளாம்.

மிஸ்ஸி கூப்பிடுவதாகச் சொல்லி இருபத்திரண்டு நாள்.
செம்பனைக் காட்டில் கைப்பேசிக்கு வேறு இடமில்லை:
சட்டைக்கும் உள்பாடிக்கும் நடுவில், இடது பக்கம்.
நேற்று அது அதிர்ந்தது.
நான்கு முதுகுகள் நிமிர்ந்தன.
கடன் வேண்டுமா என்றான் எவனோ.
“கடன்காரன்” என்றேன்.
ஐவரும் குனிந்தோம்.
பச்சையும் சிவப்புமாய், சேறு பட்டு,
உதிரிப் பழங்களுக்கு நடுவே
வளையல் சத்தம்.