எட்டாவது கட்டம்

டுலூத்தில் ஏரி உறைந்த வாரம்
மூன்றாம் முறையாகத் திரும்பி வந்தது படிவம்.
எட்டாவது கட்டத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம்:
தயாரித்த நாடு. ஒன்று மட்டும் எழுதவும்.

ஒன்று மட்டும் என்றால் எப்படி, டெஸ்மர் அம்மையாரே?
இரும்பின் தலையில் ஜாரின் கழுகு,
அதை யாரோ அரத்தால் ராவியிருக்கிறார்கள்.
பக்கத்தில் சின்னச் சதுரத்துக்குள் இரண்டெழுத்து,
பிடித்துக்கொண்ட பின்லாந்துப் படை குத்தியது.
குழல் அங்கே கடைந்தது.
கட்டையில் முன்பாதி ஒரு மரம், பின்பாதி வேறு மரம்,
விரல் கோத்த மாதிரி ஒட்டு.

ரஷ்யா என்றால் தடைப்பட்டியல்.
பின்லாந்து என்றால் பொய்ச்சான்று.
ஜாரின் பேரரசு என்றும் எழுதிப் பார்த்தேன்,
உங்கள் கணினியில் அப்படியொரு நாடு இல்லையாம்.

கிடங்கு வாடகை மாதம் நாற்பது டாலர்.
சுண்டைக்காய் கால் பணம்,
சுமைகூலி செப்டம்பரிலேயே முக்காலைத் தாண்டியாயிற்று.
மனைவி கணக்கு நோட்டைத் திறந்தபடியே
மேசைமேல் விட்டுவிட்டுப் போகிறாள்.

அன்று தொலைபேசியில் நீங்கள் கேட்டீர்கள்:
அதனால் யாராவது செத்திருக்கிறார்களா?
முப்பத்தோரு வருடம் சேகரிக்கிறேன்.
எந்தத் திருகு எந்த ஆண்டு, சொல்வேன்.
எந்த ஆலையின் முத்திரை எந்தப் பக்கம் சாயும், சொல்வேன்.
இது எந்தக் கட்டத்துக்கு என்று கேட்டேன்.
எதற்குமில்லை, சும்மா கேட்டேன் என்றீர்கள்.
பிறகு இருவரும் கொஞ்சநேரம்
வைக்காமலே இருந்தோம்.

திருப்பி அனுப்பலாம் என்றது கடைசிக் கடிதம்,
யாருக்கு என்று சொல்லவில்லை.
அல்லது இரும்பை அறுத்து அழிக்கலாம்,
மரத்துக்குத் தடையில்லை.

நேற்று வந்தது மரம்.
பழைய எண்ணெய் வாசம், உங்கள் கிடங்கின் குளிர்.
சமையலறையில் நின்றபடி
பழக்கத்தில் தோளில் சார்த்தினேன்.
கன்னம் பட்டுத் தேய்ந்த பள்ளம்
எனக்கு அகப்படவில்லை. தடவிப் பார்த்தேன்,
மறுபுறம் இருக்கிறது.

இடக்கைக்காரன்.
வலக்கைக்காரர்களுக்குச் செய்த துப்பாக்கியில்
ஒவ்வொரு தோட்டாவுக்கும் கையை மேலே கொண்டுபோய்த்
தாழ் இழுத்திருக்கிறான். தாமதமாகத்தான் சுட்டிருப்பான்.
அவன் முன்னால் நின்றவனுக்கு அது போதுமானதாக இருந்ததா,
தெரியவில்லை.

நீங்கள் கேட்டதற்கு இது பதிலில்லை.
திங்கட்கிழமை கூப்பிடுகிறேன்.
மரம் அடுப்புக்குச் சற்றுத் தள்ளி இருக்கிறது,
ஒட்டில் ஈரம் இன்னும் காயவில்லை.