பால்

துருப்பிடிப்பதைப் படிக்க ரஷ்யன் கற்றோம்,
காரைக்குடியில், மாலை ஐந்தரை வகுப்பு, ஏழு பேர்.
ஆறு பேர் ஆய்விதழ்களோடு நின்றுகொண்டோம்.
அடைக்கலம் சார் மட்டும் ஓர் ஆங்கிலக் கவிதைக்கு
மூன்று காலத்து ரஷ்யனைத் தேடிப் பிடித்தார்.

ஆங்கிலத்தில் மரணம் ஆண்.
ஈரத் தொப்பியோடு வாசலில் நிற்பான்.
ரஷ்யனில் அந்தச் சொல்லே பெண்பால்.
ஜார் காலத்துக்காரர் முக்காடு போட்டு
அவளைக் கல்யாணப் பெண்ணாக்கிவிட்டார்.
ஐம்பதுகளில் ஒருவர் ‘பகைவன்’ என்று மாற்றி
ஆணாகவே காப்பாற்றினார்;
கடவுள் இருந்த வரியில் வெறும் வானம்.
கடைசி ஆள் எதையும் மாற்றவில்லை:
வந்தாள், தொப்பியைக் கழற்றினாள், உட்கார்ந்தாள்.

தமிழில் என்ன செய்வீர்கள் என்றேன்.
அமிலத்தில் ஊறிய தகட்டை எடை பார்த்தபடி,
“அஃறிணை. வம்பே இல்லை” என்றார்.
கொஞ்சம் பொறுத்து,
“ஆனா அது தொப்பி போடாதே.”

செவ்வாய்க்கிழமை போன் வந்தது.
காலமாயிட்டாரு.
வந்தவனும் இல்லை, வந்தவளும் இல்லை;
அந்த வாக்கியத்தில்
அவரைத் தவிர யாருமே இல்லை.

மறுநாள் பால் தெளிக்கப் போனார்கள்.
நான் ஆய்வகத்தில் அவர் மேசையைத் திறந்தேன்.
மூன்றாவது மொழிபெயர்ப்பின் ஓரத்தில்
பென்சிலில் ஒரு கேள்வி:
எதன்மேல் உட்கார்ந்தாள்?