சிறுமலைக்குச் சுமை

கீழமாசி வீதியில் காலை ஐந்தரைக்கு
சாமை இருபத்தைந்து கிலோ, தினை பத்து.
குதிரைவாலி மட்டும் அடுத்த வாரம் என்கிறார் கணக்கப்பிள்ளை.
மூட்டையின் மேல் ஏதோ வடக்கத்தி ஊரின் பெயர்.
அந்த எழுத்து எனக்குப் படிக்க வராது.
தூக்கிப் போட்டுத் தார்ப்பாயை இறுக்கிக் கட்டுகிறேன்.

வாடிப்பட்டி, கொடைரோடு, சுங்கச்சாவடி,
திண்டுக்கல்லைத் தொட்டுத் திரும்பினால்
மலை.
செக்போஸ்ட்டில் வனக்காவலர் எட்டிப் பார்ப்பார்:
"பிளாஸ்டிக் இருக்கா?"
"மலைச்சாப்பாடு இருக்கு சார்."
மூன்று வருசமாக இதே பதில்.
அவர் ஒருநாளும் சிரித்ததில்லை.

பதினெட்டாம் வளைவு தாண்டி
இடப்பக்கம் இறங்கும் மண்பாதையில்
டைட்டஸ் சாரின் விடுதி.
மூங்கில் தட்டி. அரிக்கேனுக்குள் எல்இடி பல்பு.
பலகையில்,
மலைமக்களின் ஆதி உணவு,
ஆளுக்கு முந்நூற்றைம்பது.

சமைப்பது ஒச்சம்மா.
பிறந்த ஊர் செக்கானூரணி.
வாழைத்தோட்டக் கூலிக்கு ஏறி வந்து
இருபது வருசமாக இறங்காதவள்.
சாமைக்கு எத்தனை பங்கு தண்ணீர் என்பதை
முதலாளியின் போனில் பார்த்துத்தான் கற்றாள்.
"அக்கா, இதெல்லாம் உங்க பரம்பரைச் சமையலா?"
"ஆமா தம்பி" என்பாள்,
கரண்டியைப் பார்த்துக்கொண்டு.
எல்லோரும் எழுந்து போன பிறகு
ரேஷன் அரிசிச் சோற்றில் குழம்பை ஊற்றிக்
குத்தவைத்துச் சாப்பிடுவாள்.
அதை யாரும் படம் எடுப்பதில்லை.

ஐப்பசியில் ஒரு ராத்திரி
ஏழாம் வளைவில் மண் சரிந்தது.
மூட்டைகளோடு நான் கீழே.
மேலே பதினோரு விருந்தாளிகள்,
கரண்ட் இல்லை, டவர் இல்லை,
டப்பாவில் தினை கைப்பிடி அளவு.

பிறகு அவளே சொன்னாள்:
"என்ன செய்யச் சொல்றே,
என் வீட்டு அரிசியைத்தான் ஒலையில போட்டேன்.
காத்துல சாஞ்ச வாழையில காயை அறுத்து
தோலோட நறுக்கி
பச்சை மிளகை அம்மியில தட்டிப் போட்டு
ரெண்டு எலுமிச்சை பிழிஞ்சு இறக்கினேன்.
பேரென்னன்னு கேட்டாங்க.
காய்க்கு என்ன பேரு, காய்தான்.
ஒரு பொண்ணு, கம்ப்யூட்டர் வேலையாம்,
இலையை வழிச்சு நக்கிட்டு அழுதுச்சு.
உறைப்பாம்மான்னு கேட்டேன்.
ஆமாக்கான்னுச்சு.
அந்த மிளகு அப்படியெல்லாம் உறைக்காது."

அடுத்த வாரம் பலகையில் ஒரு வரி கூடியிருந்தது:
மழைநாள் வாழைக்காய், இருநூற்றிருபது.
டைட்டஸ் சார் எனக்குப் போன் போட்டார்.
"காயை நீ மதுரையிலேயே வாங்கிட்டு வந்திருப்பா,
இங்க சைஸ் ஒண்ணுபோல இல்ல."

இப்போது மாட்டுத்தாவணிக் காய் மேலே ஏறுகிறது.
பதினோராம் வளைவில் எதிரே வருகிறது
மலைவாழைத் தார் அடுக்கிய லாரி.
இரண்டு பேரும் விளக்கைத் தணிக்கிறோம்.
யார் யாருக்கு வழிவிடுவது என்று
ஒரு நிமிசம் யாருக்கும் தெரிவதில்லை.

நேற்று ஒச்சம்மா ஒன்று கேட்டாள்.
"வர்றப்ப நாலு பரோட்டா வாங்கிட்டு வா,
கோழிச் சால்னா தனியா.
தூக்குவாளியில வாங்கு,
கவருன்னா கீழயே பிடுங்கிருவான்."

ராத்திரியே வாங்கி, சூடுபடுத்தி,
வாளியை முழங்கால்களுக்கு நடுவே இடுக்கிக்கொண்டு
நாலு ரோட்டில் வந்தேன்.
செக்போஸ்ட்டில் அவர்
தலையை உள்ளே விட்டு முகர்ந்தார்.
"இதுவும் மலைச்சாப்பாடா?"
முதல் தடவையாகப் பல் தெரிந்தது.
முன்பல் ஒன்று இல்லை அவருக்கு.

அடுப்படிக்குப் பின்னால் நின்றபடி
ஒச்சம்மா மூடியைத் திறந்தாள்.
மேலே எண்ணெய் உறைந்திருந்தது.
பிய்த்து, முக்கி, ஒரு வாய்.
கண்ணை மூடினாள்.
நான் ஏதோ கேட்க நினைத்தேன்,
அதற்குள் அவளே திறந்தாள்:

"முட்டைச் சால்னாவையா வாங்கியாந்தே?
கோழின்னுல்ல சொன்னேன்."