சீப்பில் மிஞ்சாத முடி

மூன்று வாரமாக என் சீப்பு சுத்தமாக இருக்கிறது.
சிக்கி நிற்பதையெல்லாம்
கிஸ்லேன் எடுத்துப் போய்விடுகிறார்
சவரக்கத்தியின் வாயில் தொங்கவிட்டுப் பார்க்க.
முடி அறுபடுவதில்லை. வளைகிறது, நழுவுகிறது,
ஒருமுறை கத்தியையே சுற்றிக்கொண்டது.

கல் உள்ளூர்க் கல்தான், மஞ்சள்.
எங்கள் லியர்னோ மலைக்கு உள்ளிருந்து வந்தது.
இவரிடம் மட்டும் முரண்டு பிடிக்கிறது.
இடது கையை முழங்கைவரை மழித்துச் சோதித்தாயிற்று.
பால் லாரியில் கூடவரும் பையன்
ஏதும் தோல் வியாதியா என்று கேட்டானாம்.

வியாழன் இரவு, அவர் தூங்கியதும்,
மார்க்கர் பேனாவால் விளிம்பில் மை பூசினேன்.
நாலு சொட்டுத் தண்ணீர்.
கத்தியை முதுகோடு கல்லில் படுக்கவைத்து
ஒரே ஓர் இழுப்பு.

நடுவில் மை போயிருந்தது.
நுனியில் அப்படியே கறுப்பு.

அட, இவ்வளவுதானா!
நுனி கல்லைத் தொட்டதே இல்லை.
எல்லாம் அழுத்தம்,
லாரி ஓட்டுகிற கை.

நான் சாய்வாக, நுனிவரை, எடையே இல்லாமல் இழுத்தேன்
ஆவியில் காட்டி தபால்தலை உரிக்கிறவள் மாதிரி.
இரண்டரை மணிக்கு
தலையிலிருந்தே ஒன்றைப் பிடுங்கித் தொடவைத்தேன்.
பாதியைக் காணோம்.
விழுந்த இடமும் தெரியவில்லை.

காலையில் குளியலறையிலிருந்து கூச்சல்:
"ஒதில், பதம் வந்துவிட்டது!
நேற்று கடைசியாக ஐம்பது தடவை தேய்த்தேனே, அதுதான்!"
பாதிக் கன்னத்தில் நுரை,
காதடியில் ஒரு சிவப்புப் புள்ளி.

காபி ஊற்றுகிறேன்.
கட்டைவிரலில் பிளாஸ்டர்.
"உருளைக்கிழங்கு நறுக்கும்போது" என்றேன்,
அவர் கேட்காமலே.