ஏழாவது ஆணி

எல் பாசோ, நூலகத்தின் நிலவறை.
கண்ணாடித் தகடுகள் நாற்பத்திரண்டு பெட்டி.
பருத்திக் கையுறை, அடியில் வெளிச்சப் பலகை.
நெகட்டிவில் எல்லாம் தலைகீழ் நியாயம்:
வைக்கோல் தொப்பி கரியாகத் தெரியும்,
அதன் நிழலில் இருந்த முகம் பனியாக.

பெயர் எழுதி வைக்கவில்லை ஒருவரும்.
ஆகவே தொப்பி பார்த்துப் பிரிக்கிறேன்.
முறம் அகல விளிம்பு என்றால் புரட்சிக்காரன்.
முன்னால் தோல்நுனி நீண்டிருந்தால் அரசுச் சிப்பாய்.
உருண்டைக் கறுப்பு, ஆற்றுக்கு இந்தப் பக்கம்
மொட்டைமாடியில் நாற்காலி போட்டுச் சண்டை பார்த்தவர்கள்.
அங்கே ஒருத்தியின் தொப்பியில் பாதிக் கொக்கு இருக்கிறது.
குண்டு பறக்கும் திசையில் இறகு சாய்ந்திருக்கிறது.
காற்று அப்படி அடித்திருக்கும், அவ்வளவுதான்.

பத்தொன்பது வருடமாக இங்கே இருக்கும் டெல்ஃபினா அர்ரோயோஸ்
விதியை நம்பாதே என்றாள்.
காலையில் அந்தத் தொப்பி, இரவில் இந்தத் தொப்பி,
அப்படித்தான் பிழைத்திருக்கிறார்கள் பாதிப் பேர்.

பதினேழாம் பெட்டியில்தான் அதைக் கண்டேன்.
விளிம்பின் இடப்பக்கம் ஒரு கடி,
முக்கோணமாய், பால்பல் விழுந்த இடம் போல.
மீசைக்காரன் போட்டிருந்தான்,
நெஞ்சில் குறுக்காக இரண்டு தோட்டா வார்.
அடுத்த தகட்டில் மீசையில்லாதவன். அதே கடி.
பிறகு காதுவரை இறங்கிய தொப்பிக்குள்
பத்து வயதுப் பையன், தன் உயரத்துக்குத் துப்பாக்கி.
பிறகு ஒரு பெண், பின்னலை உள்ளே சுருட்டி,
கடன் கேட்க வந்தவனைப் பார்ப்பதுபோல் கேமராவைப் பார்க்கிறாள்.
இப்படிப் பத்துத் தலை.

விழுந்தவன் தொப்பியை நின்றவன் எடுத்துப் போட்டு,
அவன் விழ, அடுத்தவன்.
தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்போம்.
இங்கே தலைப்பாகை பிழைத்துக்கொண்டது.

அல்லது
ஓவர்லாந்து வீதியில் ஒரு படக்கடை, சுவரில் ஆணிகள்,
ஆணியில் தொப்பி, வாடகை ஐந்து சென்ட்,
துப்பாக்கி மரம்.
அப்படியானால் நூறு வருடம் தாண்டி
எனக்கும் தொப்பி போட்டுவிட்டார்கள்.

பதினோராவது தகடு மூலை உடைந்தது.
வெட்டவெளி. வரைந்த திரை இல்லை.
மதில் ஓரம் ஒருவன் படுத்திருக்கிறான், வெறுந்தலை.
தொப்பி ஒரு முழம் தள்ளி, மல்லாந்து.
கடி தெரிகிறது.
உள்ளே பூதக்கண்ணாடியை நகர்த்தினேன்.
வேர்வை ஊறிய தோல்பட்டை. அதில்
நெகட்டிவில் வெள்ளையாக, ஆகவே கறுப்பு மையில்,
தலையெழுத்து என்று சொல்ல ஒரே ஓர் எழுத்து:
ஏழு.

கடையின் எண். ஏழாவது ஆணி.

படம் எடுத்துக்கொண்டு, திருப்பிக் கொடுக்காமல்
ஆற்றைக் கடந்து போனானா இவன்?
வெறுந்தலைப் பிணம் விற்காது என்று
படக்காரன் கையோடு கொண்டுபோய் வைத்தானா?
தோட்டா இங்கேதான் கடித்தது என்றால்
இதுதான் முதல் படம்.
தூசி தட்டி மறுபடி ஆணியில் மாட்டியிருக்கிறான்.
மீசைக்காரன், பையன், பின்னல்காரி எல்லோரும்
அதற்குப் பிறகு வந்து,
காசு கொடுத்து,
கண்ணாடி பார்த்துச் சரிசெய்து...

டெல்ஃபினாவிடம் காட்டினேன்.
வெகுநேரம் குனிந்திருந்தாள்.
வகிடு நேராக இருக்கிறது, யாரோ வாரிவிட்டிருக்கிறார்கள் என்றாள்.
தொப்பியைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை.

வரிசை எண் என்ற கட்டத்தில்
பென்சிலால் ஒன்று என்று எழுதி, அழித்து,
பதினொன்று என்று எழுதி, அதையும் அழித்தேன்.
தாள் அந்த இடத்தில் மெலிந்துவிட்டது.

ஐந்தரை மணிக்கும் வெளியே நூற்றிரண்டு டிகிரி.
கார் நிற்கும் இடம் தூரம்.
டெல்ஃபினா தன் மகனின் பேஸ்பால் தொப்பியை நீட்டினாள்.
வாங்கி, போடுமுன், திருப்பி உள்ளே பார்த்தேன்.
துவைக்கும் முறை எழுதியிருந்தது.